நாற்பது விநாடி

கணினியை மோடம் மூலம் தொலைபேசியில் இணைக்கும் டயல்-அப் இணைப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறதென்று திரையில் காட்டும் புரோகிராமை எழுதியபோது, சோதனை எண்ணாக அம்மா வீட்டுத் தொலைபேசி எண்ணையே போட்டிருந்தான் ஒரு புரோகிராமர்.

"யாரோ போன் பண்ணி கீச்சுகீச்சுன்னு கத்துறாங்கப்பா. நீயா இருக்குமோன்னு ஒவ்வொரு தடவையும் எழுந்து வர்றேன்," என்றாள் அம்மா.

முட்டிவலியோடு அவள் வந்து எடுக்க நாற்பது விநாடி பிடித்ததைத் திரை காட்டியிருந்தது. கத்துவது தன் மோடம்தான் என்று அவன் அவளிடம் சொல்லவே இல்லை.

அம்மா போய் ஒரு வருடம். வீட்டை இடித்தாயிற்று, இணைப்பையும் துண்டித்தாயிற்று. இன்று காலை எண்ணை மாற்ற மறந்து, பழைய புரோகிராமை ஓட்டிவிட்டான்.

திரை காட்டியது: டயல் செய்கிறது. மணி அடிக்கிறது. நாற்பதாவது விநாடியில், எதிர்முனையில் எடுத்தாயிற்று.

மோடம் வழக்கம்போலக் கீச்சிட ஆரம்பித்தது. "நான்தாம்மா" என்று அவன் சொன்னது அதில் அமுங்கிப்போயிற்று.