நான்காவது நாடி

என் மனைவி சுகிர்தா இறந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. அலுவலக நண்பர்கள்தான் என்னை இந்த மலைச் சவாரிக்கு வற்புறுத்தி அனுப்பினார்கள்.

ஜீப்புக்கு ஓட்டுநர் கிடையாது. ஏறிய எங்கள் நால்வரின் மணிக்கட்டிலும் நாடித்துடிப்பை அளக்கும் பட்டை கட்டியிருந்தார்கள். நான்கு பேருக்கும் நாடி எகிறும்வரை ஜீப் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். என்னுடன் ஏறிய திண்டுக்கல்காரர், அவர் மனைவி, மகள் மூவருக்கும் எப்போதோ எகிறிவிட்டது.

“அண்ணே, உங்களாலதான் இது நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் பயப்படுங்கண்ணே!” என்றார் திண்டுக்கல்காரர்.

“முயற்சி பண்றேங்க.”

“கல்லு மாதிரி உக்காந்திருக்காரே மனுசன்,” என்றார் அவர் மனைவி. “கீழ பாருங்க சார், எம்மாம் பெரிய பள்ளம்!”

பார்த்தேன். எனக்குள் எதுவும் அசையவில்லை. ஜீப் பாறையில் ஏறிக் குதித்தது. சிறுமி வீறிட்டு அழுதாள்.

அந்தச் சிறுமிக்காக, நான்கு மாதமாக நினைக்காமல் இருந்ததை நினைத்தேன். கடைசி இரவில் சுகிர்தா தண்ணீர் கேட்டாள். கொடுக்கக்கூடாது என்றார் நர்ஸ். காலையில் தருகிறேன் என்றேன்.

ஜீப் மெல்ல வேகம் குறைந்து நின்றது.

“அப்பாடா! அப்பிடி எதைண்ணே நெனச்சீங்க?” என்று சிரித்தார் திண்டுக்கல்காரர்.

மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றினேன்.

“நால்வரும் மகிழ்ந்தீர்கள். நன்றி,” என்றது ஜீப்.