தப்பே வராத டேபிள்

"தம்பி, நான் கேட்டது டீ. நீ வெச்சிருக்கறது காபி. ரொட்டியையும் மறந்துட்டே. மூணுக்கு ரெண்டு தப்பு!"

தையல்காரர் போட்ட சத்தத்தில் ஹோட்டலே திரும்பிப் பார்த்தது.

"இதோ மாத்திடறேன் சார்." சர்வர் காபியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

அடுத்த டேபிளில் இருந்த பஸ் டிரைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்துப் பேர் ஆர்டரைத் தலையிலேயே வைத்திருந்த சர்வர் அவர். விபத்தில் மண்டையில் பலத்த அடி. பிழைத்ததே பெரிய விஷயம். இப்போது இரண்டு டேபிள், ஆளுக்கு மூன்று ஐட்டம், எழுதிக்கொள்ளாமல் நினைவில் வைக்க வேண்டும். இது டாக்டர் கொடுத்த பயிற்சி. தேறினால்தான் பழையபடி எல்லா டேபிளும்.

"ஏன் சார், ஒரு நாள் காபி குடிச்சா குறைஞ்சா போயிடுவீங்க?"

"எனக்கு வேண்டியது டீ."

டிரைவர் எழுந்தேவிட்டார். "மூணு மாசமா நானும்தான் சாப்பிடறேன். ஆம்லெட் கேட்டா சூப் வருது, சூப் கேட்டா பால் வருது. வாயைத் திறந்திருப்பேனா? வந்ததைச் சாப்பிட்டுட்டு 'பிரமாதம்'னு சொல்லிட்டுப் போறேன். மனுஷன்னா ஈரம் வேணும் சார்!"

டீயும் ரொட்டியுமாக வந்த சர்வர் அப்படியே நின்றுவிட்டார்.

"நிஜமாவா அண்ணே?"

தட்டை வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்தார்.

"என்னப்பா அது?"

"தப்பை எல்லாம் எழுதி டாக்டர்கிட்ட காட்டணும். இந்தப் பக்கம் சாரோட டேபிள். அவர்தான் எண்ணிச் சொல்வார். முதல் மாசம் நாப்பது, அடுத்து பதினெட்டு, இந்த மாசம் ஏழே ஏழு!"

சொல்லும்போதே சர்வருக்கு வாயெல்லாம் பல். டிரைவருக்கும் மனசு குளிர்ந்துவிட்டது.

"அட, தேறிட்டியேப்பா! என் டேபிள்?"

சர்வர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மூன்று மாதமும் பூஜ்யம்.

"இங்க ஏழு, அங்க பூஜ்யம். கணக்கு உதைக்குதே, எதை நம்பறதுன்னு கேட்டு, டாக்டர் என்னை நாலாவது ஐட்டத்துக்கே விடாம நிறுத்தி வெச்சிருக்கார்."

டிரைவர் தொப்பென்று உட்கார்ந்தார்.

சர்வர் சிரித்துக்கொண்டே அவர் தோளைத் தொட்டார்.

"நாளையிலேருந்து நீங்களும் சாரை மாதிரி கொஞ்சம் திட்டுங்கண்ணே."