குலுங்காத பெட்டி

சேகரிப்போர் சங்கக் கண்காட்சிக்கு முந்தின நாள் பார்த்து அப்பாவின் பெட்டியைப் பிரித்துவிட்டாள் மகள்.

சாதாரணப் பெட்டி இல்லை அது. உள்ளே மேஜைமேல் பரப்பிப் போர் விளையாடுகிற ஈயச் சிப்பாய்கள். அப்பா கல்யாணத்துக்கு முன்னாலேயே வாங்கியது. மூடியைச் சுற்றி ஒட்டிய சீல்கூட அப்படியே இருந்தது. ஒரு நாளும் விளையாடியது கிடையாது. விளையாடாமல் வைத்திருப்பதுதான் அதில் விளையாட்டே.

அவள் ஒன்றும் வேண்டுமென்று பிரிக்கவில்லை. தூசி தட்டலாம் என்று தூக்கினாள். அடி அட்டை கையோடு பெயர்ந்து வந்தது.

பார்த்தால், சிப்பாய்களுக்கு மெத்தையாக வைத்திருந்த ஸ்பாஞ்ச் உருகித் தார்போல் ஒட்டிக் கிடந்தது. ஒரு குதிரை முழங்கால் வரைக்கும் அதில் புதைந்து கிடந்தது. அட்டை பட்ட இடமெல்லாம் ஈயத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. தளபதிக்குப் பாதி மூக்கைக் காணோம்.

இன்னும் கொஞ்ச நாள் விட்டால் மொத்தப் படையும் மாவாகிவிடும். அவள் யாரையும் கேட்கவில்லை. கையுறை மாட்டி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு சிப்பாயாகத் தேய்த்துச் சுத்தம் செய்து, தாளில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கினாள். அட்டை, ஸ்பாஞ்ச், சீல் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டாள்.

வேலை முடிந்து வந்த அப்பாவுக்கு, டப்பாவைப் பார்த்ததும் சட்டை பட்டனைக் கழற்றப் போன கை அப்படியே நின்றது.

"ஒரிஜினல் ஸ்பாஞ்ச் எங்கடி?"

"குப்பையில."

"குப்பையிலயா?"

"அது ஏற்கெனவே குப்பைதாம்ப்பா. நான் இடத்தைத்தான் மாத்தினேன்."

அதோடு அப்பா அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பாடு போதும் என்பதைக்கூட அம்மா வழியாகத்தான் சொன்னார். இந்த வருஷமாவது கண்காட்சியில் நடு மேஜை கிடைக்கும் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாராம். எல்லாரும் பார்க்க வருகிறார்களாம். இப்போது எந்த முகத்தோடு நிற்பது என்று அம்மாவிடம் கேட்டார். இருக்கிற முகத்தோடுதான் என்றாள் அம்மா.

நடு மேஜை யாருக்கு என்று முடிவு செய்கிறவர் சேகரிப்போர் சங்கத்தின் செயலாளர். எதையும் பிரிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை என்பதால் அவருக்கு 'சீல் சார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அவர் சோதிக்கிற விதமே தனி. பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குவார். சத்தம் வந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். வராவிட்டால் கம்பெனிக் கட்டு கலையவில்லை. அவருடைய சொந்தச் சிப்பாய்ப் பெட்டி எத்தனை குலுக்கினாலும் மூச்சு விடாது. நடு மேஜை வருஷா வருஷம் அதற்குத்தான் போகும்.

கண்காட்சியன்று அப்பாவின் பிளாஸ்டிக் டப்பாவைச் செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார் சீல் சார். முறை தவறக் கூடாதென்று அதையும் ஒருதரம் குலுக்கினார். கலகல என்றது.

பக்கத்தில் நின்ற பொருளாளர் உச்சுக் கொட்டினார். குரங்கு கையில் பூமாலை என்று, அவள் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்.

வாயைத் திறக்க மாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். முடியவில்லை.

"அங்கிள், எங்க பெட்டியும் குலுக்கினா சத்தமே வராது. உள்ள ஸ்பாஞ்ச் உருகி எல்லாத்தையும் பிடிச்சிட்டிருந்துச்சு. உங்க பெட்டி ஏன் சத்தம் போடலைன்னு என்னைக்காவது பாத்தீங்களா?"

சீல் சார் சிரித்தார். அவர் சிரித்ததால் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவின் படை, கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து மேஜைக்குப் போனது. ஆபீஸ்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், கை கழுவிக்கொண்டு போனார்கள். வீடு வரைக்கும் அப்பா பஸ் ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை.

மறுநாள் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

சீல் சார். கையில் துணிப்பை. தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, செருப்பைக்கூட வாசலில் விடாமல் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"ராத்திரி பூரா தூக்கமில்லம்மா. நீயே பிரிச்சிடு. நான் சுவரைப் பார்த்து நின்னுக்கறேன்."

அப்பாவுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். பிரஷ்ஷைத் தேடி எடுத்து மகளிடம் நீட்டினார்.

"பார்த்து செய்டா கண்ணு. குதிரைக் கால் பத்திரம்."

அவள் சீலில் கத்தியை வைக்கிற நேரம், மறுபடியும் கதவு தட்டும் சத்தம். சீல் சார் பெட்டியை வாரி அணைத்துக்கொண்டு சமையலறைக்குள் பாய்ந்தார்.

அப்பா கதவைத் திறந்தார். வாசலில் பொருளாளர். சட்டைக்குள் சதுரமாக எதுவோ துருத்திக்கொண்டிருந்தது.

"உள்ள யாரும் இல்லையே? நான் பெட்டியைப் பிரிக்க வந்தது சீல் சாருக்குத் தெரிஞ்சா, சங்கத்தைவிட்டே தூக்கிடுவார்."

அப்பா முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"சேச்சே, அவருக்கு எப்படித் தெரியும்? நீங்க சமையலறையில போய் உட்காருங்க சார். பேச்சுத் துணைக்கு அங்க ஆள் இருக்கார்."