பின்னால் ஏறும் எடை

"அறுபத்திரண்டு கிலோ. படுத்த வாக்குல இருக்கும். அசையாது" என்றார் சர்வேயர்.

பதினெட்டு வருஷத்துப் பழைய எஸ்யூவிக்கு அடியில் காலை மட்டும் வெளியே நீட்டிக் கிடந்த மெக்கானிக், பின்பக்கம் எவ்வளவு வெயிட் ஏறும் என்று கேட்டதற்குத்தான் இந்தப் பதில். சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்ற சர்வேயரின் மனைவி குழாயை மூடிவிட்டுக் காதைத் திறந்துகொண்டாள்.

முந்தின நாள்தான் வீட்டுக்கு ஒரு எடை பார்க்கும் மெஷின் வந்திருந்தது. முதலில் அவர் ஏறினார், குனிந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் இறங்கினார். பிறகு அவளை ஏறச் சொன்னார். அறுபத்தொன்று. மீதி ஒரு கிலோவைப் புடவைக்கென்று சேர்த்துக்கொண்டார் போல என்று அவளே கணக்கை முடித்துக்கொண்டாள்.

சர்வேயர் ஊர் நிலத்தை மட்டுமல்ல, வார்த்தையையும் அளந்துதான் விடுவார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் தானாக வாயைத் திறந்து சொன்ன சேதிகளை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். ஆகவே மனைவிக்கு ஒட்டுக்கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அவளும் அதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தாள்.

மெக்கானிக் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு விளக்கினான். புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர் என்று முழு செட்டும் போட்டால் அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லை. பட்ஜெட் இடிக்கிறதென்றால், இருக்கிற ஸ்பிரிங்குக்கு மேலேயே ஸ்பேசர் என்று ஒரு கட்டையை வைத்து இரண்டு அங்குலம் தூக்கிவிடலாம். ஆனால் அது ஒரு வருஷம் தாங்கினால் பெரிசு.

"ஆறு மாசம் தாங்கினாப் போதும்."

"அப்படி என்ன சார் வேலை?"

"இந்தக் கல்லு ரோட்டுல அடிவயிறு தட்டாமக் கீழ இறங்கணும். போகும்போதுதான் வெயிட். திரும்பி வரும்போது காலி."

அவள் கையிலிருந்த டம்ளர் தொட்டியில் விழுந்தது. மேட்டின் உச்சியில் கடைசி வீடு அவர்களுடையது. இறங்குகிற கல்லு ரோட்டின் பாதியில்தான், தண்ணீர் தேங்கிக் கிடக்கிற கைவிட்ட கல்குவாரி.

அதற்கு மேல் அவர் டேப்பை எடுத்து, பின்சீட்டை மடக்கி, தரையை நீளவாக்கில் அளந்தார். "ஆள் நீளம் இருக்கு" என்று தனக்குத்தானே திருப்திப்பட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானமே அவள் அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். நாலு மாசமாக மனிதர் இளைத்துக்கொண்டே போகிறார், பெல்ட்டில் ஆணியால் இரண்டு புது ஓட்டை போட்டிருக்கிறார், தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார், செவ்வாய்க்கிழமை தவறாமல் லீவு போட்டு எங்கேயோ போகிறார். அக்காவுக்கு இவ்வளவு போதாதா? அம்பத்துமூணு வயசில் ஆம்பளை உடம்பைக் குறைக்கிறான் என்றால் அது யாருக்காக என்று கேட்டாள். ஆபீஸுக்குப் புதுசாக வந்திருக்கும் டைப்பிஸ்ட் வரைக்கும் விசாரித்து வைத்திருந்தாள் புண்ணியவதி.

"உன்னை முடிக்கிறதுலகூடச் சிக்கனம் பாக்குறாரு பாரு, முழு செட்டுப் போட மனசு வரல. பையக் கட்டிக்கிட்டுக் கிளம்பி வாடி" என்றாள்.

அவள் பையைக் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். கிளம்பத்தான் கால் வரவில்லை. மூன்று நாள் அவர் போட்ட காப்பியைக் குடிப்பதுபோல் காட்டி வாஷ்பேசினில் ஊற்றினாள். தூங்கினாளா என்று கேட்காதீர்கள்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு ஒர்க்ஷாப்பிலிருந்து அவரே கூப்பிட்டார். வண்டி ரெடி, கடைசி அளவு எடுக்க நீயும் வேண்டும், ஆட்டோ பிடித்து வா என்றார். பட்டப்பகலில் நாலு பேர் வேலை செய்கிற இடத்தில் என்ன செய்துவிட முடியும் என்று தைரியம் சொல்லிக்கொண்டு போனாள். பையையும் எடுத்துக்கொண்டுதான் போனாள்.

தூக்கிய வண்டி ஒரு தினுசாக, எட்டிப் பார்க்கிற ஆளைப்போல நின்றது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே அவர்கள் வீட்டுப் பஞ்சு மெத்தை ஓரம் மடங்காமல் கச்சிதமாக விரிக்கப்பட்டிருந்தது.

"வெறும் வண்டிய அளந்து அனுப்பினா, ஆள் ஏறினதும் அமுங்கிடும்க்கா. ஓட்டுறவங்க சீட்டுல இருக்கணும், பின்னாடி வெயிட்டும் இருக்கணும். அப்ப அளக்குறதுதான் அளவு" என்ற மெக்கானிக், சக்கரத்தின் பக்கத்தில் டேப்போடு குந்தினான். "வெயிட்ட ஏத்துங்க சார்."

சர்வேயர் அவளைப் பார்த்தார். அவள் பின்னால் நகர்ந்து தூணைப் பிடித்துக்கொண்டாள். 

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கதவைப் பிடித்து, ஒவ்வொரு முழங்காலாக மெல்ல ஊன்றி ஏறி, மெத்தையில் மல்லாந்து படுத்து, மூச்சு வாங்கக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நம்ம மேட்டுக்கு ஆம்புலன்ஸ் ஏறாது. டாக்டர் ஆறு மாசம்னு நாள் குறிச்சிட்டாரு. நீ முன்னாடி ஏறு, ஓட்டப்போறது நீதான்."