தொய்ந்த சங்கிலி

"குதிரைக்குப் புல்லு வெச்சாச்சா? மனுசி துன்றதுக்கு எதுனா கீதா?"

செருப்பைக் கழற்றும்போதே கிரேஸ் ஆரம்பித்துவிட்டாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாள் முழுக்க நின்றுகொண்டே பேக்கிங் செய்துவிட்டு வருகிற உடம்பு. வாய் மட்டும் சும்மா இருக்குமா?

அவள் புருஷன் ஸ்டீபன் எழுந்தான். மூடி வைத்திருந்த சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் எடுத்து அவள் முன்னால் வைத்தான். திரும்பத் தன் குதிரைகளிடம் போய் உட்கார்ந்துகொண்டான்.

உள்ளங்கை உயரக் குதிரைகள். எம்சீல் பசையைப் பிசைந்து உருட்டியவை. பின்னால் ஒரு வண்டி. வளையலில் சக்கரம், ஊதுவத்திக் குச்சியில் ஆரக்கால். கிறிஸ்துமஸுக்கு சர்ச்சில் தெருவுக்கு ஒரு குடில் வைத்துப் போட்டி நடத்துவார்கள். "தொழுவத்துக்கு வைக்கோல் ஏத்தினு வர்ற மாதிரி ரெட்டைக் குதிரை வண்டி ஒண்ணு செஞ்சு குடுப்பா" என்று தெருத் தலைவர் ஆசீர்வாதம் கேட்டிருந்தார்.

"ஊர்ல ஆம்பள எல்லாம் வேலைக்குப் போறான். எனக்கு வாச்சது பொம்மையோட குந்திகினு கீது" என்றாள் கிரேஸ், சோற்றைப் பிசைந்தபடி.

அவள் சொல்வதில் என்ன தப்பு என்றுதான் அவனுக்கும் தோன்றியது.

போன வருஷம் இரும்பு மில் மிஷின் அவன் வலது கை விரல்களை வாங்கிக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் மிச்சம். அப்புறம் எந்தக் கம்பெனி கேட்டுக்குப் போனாலும், கையைப் பார்த்த உடனே "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. கிரேஸ் வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

நேற்றுகூடக் குழாயடியில் இவன் காதுபடவே ஞானம்மா சொன்னாள். "பொண்டாட்டி ஒழைக்கறா, இவரு குந்தினு துன்றாரு. கொடுத்து வெச்ச மனுசன்!"

நிறைந்த குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தலை நிமிராமல் வந்துவிட்டான்.

வண்டி குடிலில் ஏறியது. பார்த்தவர்கள் எல்லாம் "அடேங்கப்பா!" என்றார்கள். ஆசீர்வாதம் மட்டும் குனிந்து பார்த்து முகம் சுளித்தார்.

"இன்னாப்பா ஸ்டீபனு, ஒரு சங்கிலி தொங்குதே?"

கிரேஸின் அறுந்துபோன கவரிங் செயினை வெட்டி, குதிரைகளின் கழுத்துப் பட்டையிலிருந்து வண்டிக்கு இழுத்திருந்தான். ஒரு குதிரையின் சங்கிலி விறைப்பாக நின்றது. பக்கத்துக் குதிரையின் சங்கிலி தொய்ந்து தரையைத் தொட்டது. அந்தக் குதிரை தலை குனிந்து நின்றது.

"இது இழுக்கற மாதிரியே இல்லயே. நாளைக்கு ஃபாதர் மார்க்கு போட வர்றப்ப மொதல்ல இதான் கண்ணுல படும். சரி பண்ணிடு."

"தப்பு இல்லண்ணா. அது அப்டித்தான்."

"இன்னாது அப்டித்தான்?"

ஸ்டீபன் வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டான்.

"இழுக்கறது கிரேஸு. பக்கத்துல சும்மா நிக்கறது நானு. ஏசப்பா முன்னாடி பொய்யா செஞ்சு வெக்கச் சொல்றியா?"

ஆசீர்வாதம் சங்கிலியைத் தொடாமல் நிமிர்ந்தார்.

மறுநாள் காலையில் கிரேஸ் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பிப் போய்விட்டாள். சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டாள். இருட்டோடு எழுந்து இடது கையால் கிளறிய புளிச்சோறு. பட்டினி கிடப்பாளே என்று ஸ்டீபனுக்குப் பதறியது. டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினான்.

வழியில்தான் சர்ச். ஓடுகிற ஓட்டத்தில் குடிலை எட்டிப் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இரண்டு சங்கிலியும் விறைப்பாக இருந்தன!

தொய்ந்த சங்கிலியை யாரோ நறுக்கி, கோணல்மாணலாக இழுத்து ஒட்டியிருந்தார்கள். தலை குனிந்து நின்ற குதிரை இப்போது தலை குனிந்து இழுத்துக்கொண்டிருந்தது.

"யாருண்ணா கைய வெச்சது? அவ்ளோ சொன்னேனே உன்னாண்ட!" குடில் பக்கத்தில் நின்ற ஆசீர்வாதத்திடம் பாய்ந்தான்.

"சத்தியமா நான் தொடலப்பா" என்றார் ஆசீர்வாதம். "நீ சொன்னத நேத்து உன் சம்சாரத்தாண்ட சொல்லிட்டேன், மனசு கேக்கல. விடிஞ்சும் விடியாம வந்து நின்னுச்சு. கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு. நான் எதும் கேட்டுக்கல."

கவரைப்பேட்டை ஸ்டாப்பிங்கில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள் கிரேஸ். மூச்சு வாங்க டப்பாவை நீட்டினான். வாங்கிய விரல்களில் பசை வெள்ளையாகக் காய்ந்து தோல் உரிந்திருந்தது. ஸ்டீபன் அதையே பார்த்தான். பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்தது.

"ஏன் கிரேஸு அப்டி செஞ்ச?"

"இன்னா ஏன்?" வழக்கமான அதே சுள்ளென்ற குரல். "காலு வலிக்குது, வாய்க்கு வந்தத பேசுறேன். அதப் போயி சங்கிலில கட்டி ஊரே பாக்கறா மாதிரி தொங்க உடுவியா நீ?"

சூடு ஆறாத டப்பாவை அவன் முகத்துக்கு நேராக ஆட்டினாள்.

"இத யாரு கட்டினது? தண்ணி கொடத்த யாரு தூக்கறது?"

பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள். குரல் கம்மியது.

"குதிரைக்கு ஏதுய்யா வெரலு? அது இழுக்கல?"