முப்பத்தோராவது துளி

திரையில் இருந்த அட்டவணையை ராமபத்ரன் சார் பேனாவால் தட்டினார்.

“இதை யாராக்கும் படிக்கப்போறா, ஷாபாஸே? சாயாக்கடைச் சேட்டனுக்கும் புரியணும், கேட்டியா.”

பல்கலைக்கழகத்தின் அறிவியல் இதழுக்கு அவர் ஆசிரியர். வடிவமைப்பு என் வேலை. இந்த முறை அட்டைக் கட்டுரையும் அவருடையதுதான். இடக்கொச்சிக் காயலில் உப்பு ஏறுகிறது என்ற கண்டுபிடிப்பு.

மாதம் ஒருமுறை வள்ளத்தில் போய் அந்த நீரை எடுத்து வந்தவள் என் மனைவி ரஹீனா. அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். அந்த வேலைக்கு வேறு ஆள் கிடையாது.

கட்டுரையில் அவள் பெயர் இல்லை.

அவர் விழ வேண்டும். அவள் போனதிலிருந்து, ஒன்றரை வருடமாக எனக்கு வேறு பசி இல்லை.

முப்பத்தாறு மாதத்து அளவுகளையும் நீர்த்துளிகளாக வரைந்து காட்டினேன். உப்பு கூடினால் துளி பெரிதாகும். முப்பது துளிகள் மிளகு போலக் கிடந்தன. கடைசி ஆறு மட்டும் புடைத்து எழுந்தன.

கீழே பஜார் ரோட்டில் சுக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சார் தும்மிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்தார்.

“இந்த ஆறும்தாண்டா விஷயமே. இன்னும் பெரிசாக்கு.”

பெரிதாக்கினேன்.

“ஒவ்வொண்ணுக்கும் கீழ தேதியும், தண்ணி எடுத்தவங்க பேரும் போடட்டுமா சார்? உங்க ஃபைல்லயே இருக்கு.”

அவர் அனுப்பிய எக்செல் கோப்பில் பெயருக்கான பத்தி முழுவதும் ரஹீனாதான். மேல் கட்டத்தில் இருந்ததை அப்படியே கடைசிக் கட்டம் வரை இழுத்துவிட்டிருந்தார். தேதிகளையும் அப்படித்தான், மாதாமாதம் ஒன்பதாம் தேதியாக.

“தாராளமா போடு. பாவம், அவளுக்கும் ஒரு அஞ்சலியாச்சு.”

என் தோளில் கை வைத்தார். பிறகு ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார். ஐயாயிரம் பிரதிகள். அவர் மதிக்கிற ஒவ்வொருவர் மேசைக்கும் ஒன்று போகும்.

அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினேன். அட்டை திரையில் இருந்தது.

முப்பத்தோராவது துளி எலுமிச்சை அளவு இருந்தது. அதன் கீழே, யாரும் படிக்கும்படியான எழுத்தில்: ரஹீனா, அக்டோபர் 9.

அன்று காலை பத்து மணிக்கு அவளை அடக்கம் செய்தோம். பள்ளிவாசல் கேட்டருகே மழையில் குடை பிடித்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றவர் சார்தான்.