வளையை மூடினேனா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடற்கரையில் ஒரே கூட்டம். சிங்காரம் என்ற நண்டும் அவன் மனைவி பூவாயியும் வெகுநாள் ஆசைப்பட்டு அலையில் கால் நனைக்கக் கிளம்பினார்கள்.

பாதி வழியில் சிங்காரத்துக்குப் பகீரென்றது. "பூவாயி, வளையை மூடினேனா?"

"மூடினீங்க. நான்தான் பார்த்தேனே."

மனசு கேட்கவில்லை. பந்து விளையாடுகிறவர்களின் கால்களுக்கு நடுவே விழுந்தடித்து ஓடினான். வளை மூடித்தான் இருந்தது. திரும்பி வந்து அலையை நெருங்கும்போது மறுபடி சந்தேகம். சரியாக மூடியிருந்ததா? மறுபடி ஓடினான். சவாரிக் குதிரையின் குளம்பு அவன் முதுகை உரசிப் போனது. வளை அப்படியேதான் இருந்தது.

அவன் மூச்சிரைக்க வந்தபோது இருட்டிவிட்டது. பூவாயி நனைந்த கால்களோடு எதிரே வந்தாள்.

"அலை எப்படி இருந்துச்சு?"

"அலையை எங்கே பார்த்தேன்? நீங்க மிதிபட்டுடுவீங்களோன்னு உங்களையே பார்த்துக்கிட்டு நின்னேன்."